பொட்டுக்கெண்டை இருக்கும் இடம்

ஐந்தாம் எண்காரர் உள்ளே போய் இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றுதான் ஆராய்ச்சி நிதிக்கான நேர்காணல் கடிதத்தில் போட்டிருந்தார்கள், பேசப் பத்து, கேள்விக்கு ஐந்து. இருபத்திரண்டு ஆகிறதென்றால் அவரை அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் உரித்துக்கொண்டிருக்க வேண்டும். கதவு கனமான தேக்கு, உள்ளே யார் கத்தினாலும் வெளியே கேட்காது. எனக்கு எண் ஏழு. அட்டெண்டர் கையிலிருக்கும் தாளை எட்டிப் பார்த்தேன், ‘டாக்டர் உலகம்மை, நன்னீர் மீன், திருநெல்வேலி’ என்று ஒரே வரியில் இருக்கிறேன். ஏசி நேராகத் தலையில் கொட்டுகிறது, கால் விரல்கள் செருப்புக்குள் விறைத்துவிட்டன, ஆனால் மடியிலிருக்கும் பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் ஈரமாக வழுக்குகிறது. என் உள்ளங்கை வியர்வை. நான்காவது ஸ்லைடு. மூன்றாவது வரை ஒன்றும் சிக்கலில்லை. முதலாவதில் மீனின் படம், விரல் நீளம், செவுளுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு பொட்டு, அதனால்தான் அங்கே எல்லோரும் பொட்டுக்கெண்டை என்கிறார்கள். இரண்டாவதில் மலையும் ஓடையும். மூன்றாவதில் பதினோரு வருட எண்ணிக்கை, கோடு வருடா வருடம் சரிந்து வந்து வலது மூலையில் தரையைத் தொடப் பார்க்கிறது. நான்காவதில் வரைபடம், அதில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, அடியில் ‘உலகத்திலேயே இந்த ஓர் ஓடையில் மட்டும்’. அந்த வரியை நான் எழுதும்போது அது உண்மை. ரயிலில் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன், எழும்பூரில் இறங்கிப் பல் தேய்க்கும்போது சொன்னேன், இங்கே உட்கார்ந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது உண்மை, விண்ணப்பத்தை அனுப்பும்போதும் உண்மை. அனுப்பி ஒரு மாதம் கழித்து அது பொய்யாகிவிட்டதென்றால் நான் என்ன செய்ய முடியும், யாராவது வந்து கேட்டார்களா, திருத்தம் ஏதும் உண்டா என்று ஒரு கடிதம் போட்டார்களா.

பத்தொன்பது நாள் ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கமாக இறங்கும் பாதையில் யானை நிற்கிறது என்று சொன்னதால் நானும் பொன்னுலிங்கமும் தேயிலைத் தோட்டத்தின் நாலாம் டிவிஷன் வழியாகச் சுற்றி இறங்கினோம். பொன்னுலிங்கம் என்னோடு பதினோரு வருடமாக மலையேறுகிறவர், ஐம்பத்து மூன்று வயது, முன்பு அதே தோட்டத்தின் ஃபாக்டரியில் இலை அரைக்கும் மிஷினில் நின்றவர், இப்போது என் திட்டத்தில் களப்பணியாளர், திட்டம் இருக்கும்வரை. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கீழே தோட்டத்து ஓடை, அது வேறு ஓடை, அகலமாகிப் பாறைகளுக்கு நடுவில் ஒரு மடுவாக நிற்கும். பெண்கள் துவைக்கிற இடம். எனக்குக் காலெல்லாம் அட்டைக் கடி, ரத்தத்தைக் கழுவத்தான் அங்கே உட்கார்ந்தேன். துவைத்துக்கொண்டிருந்த ஞானசௌந்தரி அக்கா, நாலாம் டிவிஷனில் முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர், பொன்னுலிங்கம் கழுத்தில் தொங்கிய திட்டத்து அடையாள அட்டையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதில் எங்கள் மீனின் படம் இருக்கும். இதைப் பார்க்கவா இவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக்கு மேலே மேலே ஏறிப் போனீர்கள் என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். “இங்கன கெடக்கே மேடம் இது. சோத்துச் சட்டி கழுவுனா கால்ல வந்து கொத்தும்.” நான் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. வேறு ஏதாவது கெண்டையாக இருக்கும் அக்கா என்று ஒரு பாடம் நடத்துகிற குரலில் சொல்லிவிட்டு, அவருக்குக் காட்டுவதற்காகத்தான் முகமூடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன்.

முதலில் சோப்பு நுரையின் அடிப்பக்கம் தெரிந்தது, வெள்ளையாக, வெயில் பட்டு ஓட்டை ஓட்டையாக. பிறகு மணல். பிறகு ஒரு பழைய சட்டைப் பொத்தான். பிறகு மஞ்சள் பொட்டுகள். ஒன்றல்ல இரண்டல்ல, பாறையின் நிழல் முழுவதும், எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து, நீரோட்டத்துக்கு எதிராக வாலை ஆட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. மேலே என் ஓடையில் ஒரு நாள் முழுக்கக் குப்புறக் கிடந்தால் ஒன்பது பார்ப்பேன், பதினொன்று பார்ப்பேன், போன மே மாதம் நான்கு. இங்கே ஒரே மூச்சில் எண்பது எண்ணினேன். குஞ்சுகள் இருந்தன, இரண்டு வயது மீன்கள் இருந்தன, வயிறு பருத்த பெண் மீன்கள் இருந்தன. ஒன்று கண்ணாடிக்கு நேரே வந்து நின்று என்னைப் பார்த்தது. அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். அதை நான் அழித்துவிடக் கூடாது, அது வந்தது, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை வந்தது, தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து ஏதோ சொன்னேன், தண்ணீர் குடித்தேன். எவ்வளவு நேரம் இருந்தது அது? ஒரு விநாடி. இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது விநாடியில் நான்காவது ஸ்லைடு வந்துவிட்டது. தண்ணீருக்குள் இருக்கும்போதே வந்துவிட்டது, மூச்சுக்கு மேலே வரக்கூடப் பொறுக்கவில்லை. அத்தனை மீன்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு, ஐயோ இத்தனை இருக்கின்றனவே என்று நினைத்தேன். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நிற்கிறேன். பதினோரு வருடம் ஓர் உயிர் செத்துவிடக் கூடாது என்று மலையேறினவள், அது பிழைத்திருப்பதைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

பக்கத்து நாற்காலியில் ஆறாம் எண், டாக்டர் சம்சுதீன், தஞ்சாவூர்ப் பக்கம், வயல் மண்ணில் இருக்கும் புழு பூச்சி பற்றிய ஆராய்ச்சி. நல்ல மனிதர், பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் சுக்குக் காப்பி ஊற்றித் தந்தார். நீங்கள் என்ன என்றார், அழியும் மீன் என்றேன், அவர் முகம் மலர்ந்துவிட்டது. உங்களுக்குக் கிடைத்துவிடும் மேடம் என்றார். மண் நன்றாக இருக்கிறது என்று போன வருடம் எழுதி அனுப்பினாராம், இரண்டே வரியில் திருப்பிவிட்டார்களாம். இந்த வருடம் அதே மண்ணை, இன்னும் பதினைந்து வருடத்தில் செத்துவிடும் என்று எழுதியிருக்கிறார், நேர்காணல் வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மூடியைத் திருகி மூடினார், மெதுவாக, “பொய்யின்னும் சொல்ல முடியாது மேடம், மெய்யின்னும் சொல்ல முடியாது” என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வருகிறது. அன்றைக்கும் அதைத்தான் செய்திருப்பேன். தண்ணீரிலிருந்து எழுந்து நான் கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்ததைப் பொன்னுலிங்கம் பார்த்தார். அவரும் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தார். அவருக்கும் ஸ்லைடுகள் தெரியும், என் மேஜையில் உட்கார்ந்து கோடுகளுக்கு நிறம் போட உதவினவர். மேலே ஏறி ரோட்டுக்கு வந்தோம். பஸ் வரும் சத்தம் கேட்டபிறகுதான் சொன்னார்.

“நாம இன்னைக்கு இந்தப் பக்கமா வரலன்னு வச்சுக்கிடுவோம் மேடம்.”

நான் தலையாட்டினேனா? இல்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், ஆனால் அவர் முகம் தெளிந்தது எனக்கு நினைவிருக்கிறது, நான் ஏதோ செய்யாமல் அது தெளிந்திருக்காது. அவருக்கு வேறு வேலை இல்லை. திட்டம் முடிந்தால் மறுபடி தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும், முழங்கால் தேய்ந்த ஐம்பத்து மூன்று வயதுக்காரரை எதற்கு எடுப்பார்கள். அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன், இரண்டு நாள் அது தாங்கியது. அதற்குப் பிறகு ஞானசௌந்தரி அக்காவைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். நாங்கள் கிளம்பும்போது துணியைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார், இந்த மீன் இங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எங்களைக் குளிக்க விடாமல் வேலி போட்டுவிடுவார்களா என்று. மேலே ஒரு சோலையில் ஏதோ குருவிக்காக அப்படித்தான் விறகு பொறுக்கப் போகக் கூடாது என்றார்களாம். நான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அந்தப் பெண்களின் குளியலுக்காக, துவைக்கிற கல்லுக்காக. எவ்வளவு பெரிய மனசு எனக்கு. நேற்று ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு இதையே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே எனக்கே அருவருப்பாக இருந்தது. வேலிக்கு நான் பயப்படுகிறேன் என்றால் அந்தப் பயம் அந்த மூன்றாவது விநாடியில் எங்கே இருந்தது. அப்போது அக்கா இன்னும் கேட்கவே இல்லையே.

அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. முதல் வருடம், எனக்கு முப்பத்தாறு வயது, அந்தத் தோட்டத்து ஓடையில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். ஃபாக்டரிக்கு நேர் கீழே, அதுவும் மருந்தடித்த வாரத்தில். பரிசோதனைக்கு அனுப்பினேன், விஷம் என்று வந்தது. அவ்வளவுதான், தோட்டத்துக்குக் கீழே இந்த மீன் இருக்க வழியில்லை என்று எழுதிவிட்டேன். பிறகு எழுதின எல்லாவற்றிலும் என்னையே மேற்கோள் காட்டினேன், நான் எழுதியதை நான் நம்பினேன், மற்றவர்கள் என்னை நம்பினார்கள். பதினோரு வருடம் அந்த லைன் வீடுகளைத் தாண்டி ஜீப்பில் போயிருக்கிறேன், அந்தப் பெண்கள் கை காட்டினால் நானும் கை காட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட இறங்கி, அக்கா இந்த மாதிரி ஒரு மீனைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் வருடமே தெரிந்திருக்கும். முதல் வருடமே தெரிந்திருந்தால் இந்தத் திட்டமே இருந்திருக்காது. அது தெரிந்தேதான் கேட்கவில்லையோ. இல்லை, அவ்வளவு கெட்டிக்காரி இல்லை நான். இறங்கிக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான், அதுதான் இன்னும் மோசம். காட்டைத் தோட்டம் கொன்றது, நான் மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன், இந்தக் கதை கேட்க நன்றாக இருந்தது, எனக்கு அதில் நல்ல வேஷம். மேலே காட்டுக்குள், மருந்தின் வாடையே இல்லாத ஓடையில் குறைகிறது. கீழே சோப்பிலும் எச்சில் சோற்றிலும் பெருகுகிறது. ஏன்? எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது நாளில் இந்த ஏன் என்பதை நான் ஒரு தடவைகூட நிதானமாக நினைத்துப் பார்க்கவில்லை, இதோ இப்போதுதான், இந்த நாற்காலியில்தான். நான் எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சிக்காரி.

கதவு திறக்கிறது. ஐந்தாம் எண் சிரித்துக்கொண்டே வருகிறார், பிடித்திருக்கிறது போல. சம்சுதீன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போகிறார். ஒன்பதே நிமிடம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த முள் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு சின்ன நடுக்கம் நடுங்கிவிட்டு நகர்கிறது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் பிளாஸ்க்கை எடுத்துப் பையில் வைத்தார். என்ன கேட்டார்கள் என்றேன். செத்துவிடும் என்கிறீர்களே, சாகாமல் இருக்கும் வயல் எங்காவது உண்டா என்று ஒரு அம்மா கேட்டாராம். உண்டு என்று வாய்வரை வந்ததாம், இல்லை என்று சொன்னாராம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம், நன்றி என்றார்களாம். “என் வயல்லயே இருக்கு மேடம்” என்றார். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அட்டெண்டர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார், உலகம்மாள் என்று, தப்பாக. திருத்தலாமா என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன், கால் மரத்துப்போய் முதல் அடி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

ஐந்து பேர். நடுவில் தலைவர், வெள்ளைத் தாடி, முன்னால் பாதி கடித்த பிஸ்கட். ஓரத்தில் அந்த அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றாவது, இரண்டாவது. என் குரல் நன்றாக வருகிறது, பதினோரு வருடம் வகுப்பிலும் மேடையிலும் இதையே சொன்ன குரல், நான் இல்லாமலே அதுபாட்டுக்குப் பேசும். மூன்றாவது. கோடு சரிகிறது, தலைவர் உச்சுக் கொட்டுகிறார், அந்த வருத்தம் எனக்கு இனிப்பாக இருக்கிறது, இந்த நேரத்திலும் இனிப்பாக இருக்கிறது. பொத்தானை அமுக்கினேன். வரைபடம் சுவர் முழுக்க விரிந்தது. அந்த வரியை வாசித்துவிட்டு ஐந்தாவதுக்குப் போக வேண்டும், மூன்று விநாடி வேலை. உலகத்திலேயே என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. இந்த என்ற சொல் அது, மூன்றெழுத்து. ஏசி சத்தம் கேட்டது. யாரோ பேனாவை மூடினார்கள். தண்ணீர் வேண்டுமா என்று தலைவர் கேட்டார்.

வேண்டாம் சார் என்றேன். “இந்த வரி தப்பு. இன்னொரு இடத்துல இருக்கு. நானே பாத்தேன், பத்தொன்பது நாளாச்சு. இங்க எனக்கு ஒரு நாள்ல நாலு கிடைக்குது, அங்க ஒரு மூச்சுல எண்பது.”

பிறகு என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. தோட்டத்துக்குக் கீழே என்று சொன்னேன், முதல் வருடத்து ஒற்றை பாட்டிலைச் சொன்னேன், கொழுந்து பறிக்கிற ஒரு பெண் காட்டிக்கொடுத்தார் என்று சொன்னேன். தலைவருக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். அப்படியானால் மீன் ஆபத்தில் இல்லை, திட்டத்தின் தலைப்பே ஆபத்திலிருக்கும் மீன், பிறகு எதற்காக நாங்கள் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டார், நியாயமான கேள்வி. ஏன் அழிகிறது என்று பதினோரு வருடம் பார்த்தேன், சோப்புத் தண்ணீரில் ஏன் அழியவில்லை என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும், அதற்கு என்னிடம் இன்று ஸ்லைடு இல்லை என்றேன். ஒருவர் சிரித்தார். அந்த அம்மா மட்டும் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“அந்த எடம் எங்கன்னு மேப்ல காட்டுங்க.”

கையில் சிவப்பு வெளிச்சக் குச்சி இருந்தது. நீட்டினால் போதும். “அது அங்க இருக்கிறவங்க குளிக்கிற, துவைக்கிற எடம் மேடம்” என்றேன். “காட்டினா அவங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்.” உள்ளுக்குள் ஒருத்தி, நேற்று ரயிலில் இதையே சாக்காக வைத்திருந்தாயே என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், காகிதத்தில் ஏதோ எழுதினார், எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, வாசிக்க முடியவில்லை. இந்த விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று தலைவர் சொன்னார். புதிதாக எழுதி அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம், அது எட்டு மாதம் கழித்து, அதற்கும் எந்த உறுதியும் தர முடியாது. பழைய கட்டுரைகளுக்கு முதலில் திருத்தம் வெளியிடுங்கள் என்றார். சரி சார் என்றேன். வெளியே வரும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், பதினேழு நிமிடம்.

சம்சுதீன் போய்விட்டிருந்தார். மாடிப்படியில் இறங்கி, பாதியில், யாரும் இல்லாத திருப்பத்தில் நின்று பொன்னுலிங்கத்துக்குப் போன் போட்டேன். நெஞ்சு உள்ளே இருந்தபோது அடித்ததைவிட இப்போதுதான் அதிகம் அடித்தது. சொல்லிவிட்டேன் என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு லாரி ஏற்றத்தில் முக்கிப் போகும் சத்தம் கேட்டது.

“அப்ப பணம் வராதுல்லா.”

“இப்போதைக்கு வராது. எட்டு மாசம். அப்புறமும் தெரியாது.”

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது, உங்களைக் கேட்காமல் உங்கள் பிழைப்பைக் கொடுத்துவிட்டேன் என்றா. பொன்னுலிங்கம் என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசினார். நாளைக்கு ஃபாக்டரியில் போய் மானேஜரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார், இரவு வாட்ச்மேனுக்கு ஆள் வேண்டுமென்று ஒரு பேச்சு இருக்கிறதாம். குரலில் வருத்தம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை, நானும் வருத்தப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“அந்தப் பாறைக்கு அங்கிட்டு இன்னும் பெரிய மீனு கெடக்கு மேடம். நான் நேத்தும் போனேன்.”

நேற்றா என்றேன். பத்தொன்பது நாளும் போயிருக்கிறாராம். என்னிடம் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன், கிரானைட் சில்லென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், முதலில் ஞானசௌந்தரி அக்காவையும் மற்றவர்களையும் பார்த்துப் பேச வேண்டும், அப்புறம் இறங்கிப் பார்க்கலாம் என்றேன்.

“வாங்க” என்றார். “ஆனா ஏழு மணிக்கு முன்ன வந்துரணும். ஞாயித்துக்கெழம எல்லாரும் துணியோட வந்துருவாக, தண்ணி கலங்கிரும்.”